மணவறைக்குப் பக்கத்தில் கட்டிய மறைப்பு

கல்யாண மண்டபங்களில் துணி கட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட கிழவி, ஆற அமர நாலு நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று நினைத்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள்.

போன வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வேலையில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு மண்டபத்துப் படத்தைக் காட்டினார். மேடைக்குப் பின்னால் இளஞ்சிவப்புத் துணி, மேலே வெள்ளைத் துணியை அலை அலையாக விட்டு நடுவில் சரவிளக்கு, பார்க்கவே அழகாக இருந்தது. ஓரத்தில் மட்டும் தனியாகத் துணி சூழ்ந்த ஒரு சின்ன இடம் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"அது பொண்ணோட அம்மாவுக்கு ஆன்ட்டி. கஸ்டமர் கேட்டாங்க. பிரைவசியாம்."

"பொண்ணோட அப்பா எங்க உக்காருவாரு?"

"அவரு இல்லியாம் ஆன்ட்டி. தவறிட்டாராம்."

சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வைத்திருந்த துணியின் நிறம் அவருக்குத் தெரிந்திருந்தது. விலை தெரிந்திருந்தது. அந்த அம்மாவை ஏன் ஓரத்தில் துணிக்குள் வைக்கிறார்கள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. அவர் போன பிறகு, எண்பதுகளில் கடத்தூரில் கட்டிய ஒரு மறைப்பு நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. என் வீட்டுக்காரர் பந்தல் போடுகிறவர். நான் கன்னியர் மடத்தில் தையல் பழகியவள். கீற்றுப் பந்தல் மட்டும் போட்ட காலம் போய், தருமபுரியிலும் சுற்றுவட்டாரத்திலும் மண்டபங்கள் எழும்பத் தொடங்கியபோது, எல்லாருக்கும் துணி வேண்டியிருந்தது. கூரையை மறைக்க மேல்கட்டு, சுவரை மறைக்கப் படுதா, மணவறைக்குக் கொசுவம் வைத்துத் தைத்த பட்டுத்துணி. அவர் கம்பம் நடுவார், நான் துணிக்குத் திட்டம் போடுவேன். என்னை எல்லாரும் டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

படம் வரைந்து காட்டும் வசதி எல்லாம் அப்போது கிடையாது. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே ஒரு நாள், முகூர்த்தம் எந்த நேரமோ அதே நேரத்தில் மண்டபத்துக்குப் போய் நிற்பேன். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எந்த ஜன்னலில் வருகிறது, ஓமப்புகை எங்கே போகும், கூட்டம் எந்த வாசலில் முட்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நின்று பார்த்தால்தான் விளங்கும். அதைவிட முக்கியமாக, யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்று வீட்டாரிடம் கேட்பேன். மண்டபத்தில் துணி கட்டுவது மனிதர்களுக்காக. கூரை அழகாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

கடத்தூர் மண்டபம் அப்போதுதான் கட்டி முடித்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. சுவருக்கு ஒரு கை வெள்ளை அடித்ததோடு நிறுத்தியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் நாங்கள் போய் நின்றபோது பெண்ணின் பெரியப்பா வந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். பெண்ணின் அப்பா இவருடைய தம்பி. பெண் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கிணறு வெட்டுகிற இடத்தில் மண் சரிந்து இறந்துபோனவர். இவர்தான் மூத்தவராக நின்று கல்யாணத்தை நடத்துகிறார். தன் மனைவியோடு மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்கப்போகிறவரும் இவர்தான்.

"மேல்கட்டு, படுதா எல்லாம் உங்க இஷ்டமுங்க டெய்லரம்மா. ஒண்ணு மட்டும் நான் சொல்ற மாதிரி செஞ்சுடுங்க. அதோ அந்த மூலையில, ஸ்டோர் ரூம் பக்கத்துல, ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு ஒரு மறைப்பு கட்டிடுங்க" என்றார்.

"யாருக்குங்கய்யா?"

"பொண்ணோட ஆத்தாளுக்குங்க. தாலி கட்டற நேரத்துல அது எதுர்ல இருக்கக் கூடாதில்லீங்களா? மாப்ள வூட்டுக்காரங்க ஒரு மாதிரியா நெனப்பாங்க. உள்ள உக்காந்து அதும்பாட்டுக்குப் பாத்துக்கட்டும்." சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்: "மத்தவங்க வூட்லன்னா ரூமுக்குள்ள வெச்சுக் கதவச் சாத்திடுவாங்க. நாங்க அப்பிடியில்லீங்க. பாக்க வுடறோம்."

பாக்க வுடறோம்! பெற்ற மகளின் கல்யாணத்தைப் பார்ப்பதற்கு ஒருத்திக்கு இவர் அனுமதி கொடுக்கிறார். அதற்கு நான் மெச்சி ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார். அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தம்பி பெண்ணைப் படிக்க வைத்தவர். வாத்தியார் பயிற்சிக்கு அனுப்பியவர். வேலைக்காரர்களிடம்கூட மரியாதையாகப் பேசுகிறவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து இது வந்தது.

"ஏனுங்கய்யா, அந்தப் பொண்ண வளத்தது யாருங்க?" என்று கேட்டேன்.

"ஆத்தாதான். பட்டுப்பூச்சி வளத்துச்சு, மல்பெரித் தோட்டத்துல கெடந்து பாடுபட்டுச்சு. நாங்க இல்லேன்னு சொல்லலீங்களே."

"அப்புறம் எதுக்குங்க மறைப்பு? அதெல்லாம் நான் கட்ட மாட்டனுங்க."

அவர் கோபப்படவில்லை. சாந்தமாகவே சொன்னார்: "உங்களுக்குப் புடிக்கலன்னா வுட்டுடுங்க. பரவால்ல. அந்த நேரத்துக்கு ஸ்டோர் ரூமுக்குள்ளயே இருந்துக்கட்டும். கதவச் சாத்திக்கலாம்."

யோசித்துப் பாருங்கள். நான் வீறாப்பாக மறுத்துவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால், பாப்பாரப்பட்டி வரைக்கும் பஸ்ஸில் தலை நிமிர்ந்து வந்திருப்பேன். அந்த அம்மாவுக்குக் கிடைத்திருப்பது சாத்திய கதவு. சில இடங்களில் மறுப்பது சரி, சில இடங்களில் மறுப்பது சொகுசு. எது எது என்று சொல்லித்தர எந்தத் தையல் பள்ளிக்கூடமும் இல்லை. அந்த நிமிஷத்தில் நின்று நீங்களேதான் முடிவு செய்தாக வேண்டும்.

"கட்டறனுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்து என்னை ஓரமாக இழுத்தார். "இந்தா, சொன்னதக் கட்டிட்டுப் போயிட்டே இரு புள்ள. கடத்தூர்ல இப்பத்தான் கால் வெக்கறோம். இது என்ன நம்ம வூட்டுக் கல்யாணமா?"

இந்தத் தொழிலில் எனக்கு அறவே பிடிக்காத வார்த்தை அது. நம்ம வீட்டுக் கல்யாணமா என்று கேட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் கட்டிக் கொடுத்துவிடலாம். துணி நம்முடையது, தையல் நம்முடையது, ஊசி நம்முடையது, பாவம் மட்டும் கல்யாண வீட்டுக்காரருடையதா? அவரிடம் அப்படியே கேட்டேன். அவர் திரும்ப ஏணியில் ஏறிவிட்டார். அவர் அப்படித்தான், சண்டை என்றால் உயரத்துக்குப் போய்விடுவார்.

நான் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகையில், முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் பந்திக்கு உலை வைக்கப்போகிற அரிசி. கூட்டம் முழுவதும் சாப்பிடப்போகிற அரிசியில் அந்தக் கை படலாம். மகளின் தலையில் போடுகிற அட்சதையில் படக் கூடாது. இந்தக் கணக்கைப் போட்டவன் யாரென்று தெரிந்தால் அவனிடம் நான் நேரில் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

"அக்கா, உங்க பேரென்னங்க?"

"மாதம்மாங்க."

"நான்தான் துணி கட்ட வந்திருக்கறன். நாளைக்குத் தாலி கட்டறப்ப உங்களுக்கு எங்க உக்காந்தா தோதா இருக்கும்?"

அவர் முறத்திலிருந்து நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். நான் ஏதோ கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்போல.

"என்னையா கேக்கறீங்க? மாமா எங்க சொன்னாங்களோ அங்கதானுங்க."

"பெரியவரு சொன்னது இருக்கட்டுங்கக்கா. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அவர் அரிசியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். "மூஞ்சி தெரிஞ்சாப் போதுங்க. அவ பட்டு கட்டி நான் பாத்ததில்ல" என்றார் கடைசியில். சரியென்று நான் எழுந்து திரும்பியபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு கூப்பிட்டார். "கண்ணு, அரிசி போடணும். ஒரே ஒரு பிடி. யாருக்கும் தெரியாத போட்டுடறேன்."

பெற்ற பெண்ணுக்கு ஆசீர்வாதம் செய்வதற்குத் திருட்டுத்தனமாக வழி கேட்கிறார். அதையும் அங்கே துணி கட்ட வந்த ஒரு அந்நியப் பெண்ணிடம் கேட்கிறார். அவர் வீட்டார் அத்தனை பேர் இருக்கும்போது அவர்களில் ஒருவரிடமும் கேட்க முடியவில்லை.

இதைப் படிக்கிற என் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, உறவினர்கள் உடனே தலையை ஆட்ட வேண்டாம். நம் யோக்கியதை எனக்குத் தெரியும். கோயிலில் சாமியார் மந்திரித்த தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு எல்லார் கையிலும் நீட்டிக்கொண்டு வருவார்களே, புருஷனை இழந்த என் சித்தி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்ததும் அந்தத் தட்டு அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சித்தி கையை நீட்டிவிட்டு, தலைமுக்காட்டைச் சரி செய்வதுபோல அந்தக் கையை மேலே கொண்டுபோனார். பலிபீடத்துக்கு முன்னால் நடந்தது இது. நாம் மற்றவர்களைப் பார்த்து முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

சரி, வேலைக்கு வருகிறேன். பெரியப்பா காட்டிய மூலையில் மறைப்பைக் கட்டினால் அந்த அம்மாவுக்கு மகளின் முதுகுதான் தெரியும். அங்கிருந்து அரிசியைப் போட்டால் நாதஸ்வரக்காரர் மேல்தான் விழும். மறைப்பு மணவறைக்குப் பக்கத்தில் வர வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்ட வேண்டும். ஆனால் நியாயம் பேசி அதை வாங்க முடியாது. நியாயம் பேசியதற்கு என்ன பதில் வந்தது என்று பார்த்தோமே. ஆகையால் தொழிலைப் பேசினேன்.

"ஐயா, அந்த மூலையில ஜன்னல் காத்து நேரா வருதுங்க. துணி தூக்கி அடிச்சுப் பறந்துச்சுன்னா ஓமத்துத் தீயில வந்து விழும். சுவரு ஓரமா, மணவறைக்கு எடது பக்கத்துல கட்டிக் குடுக்கறன். மணவறைத் துணியோட துணியாப் போயிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அதில் பாதிதான் உண்மை. தீ என்றதும் அவர் முகம் மாறியது. "நெருப்பு விசயம், நீங்க சொன்னா சரிதானுங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு மனுஷிக்காகக் கேட்டபோது அசையாதவர், பாலியஸ்டர் துணிக்காகக் கேட்டதும் அசைந்தார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் காரியம் ஆனது.

மாதம்மாவை வரச்சொல்லி ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தேன். கண் எந்த உயரத்தில் வருகிறது என்று சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். கையை நீட்டச் சொல்லி அந்தத் தூரத்தையும் பார்த்துக்கொண்டேன். அளவெடுக்கும்போது அவர் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கெதுக்குங்க இம்புட்டு மெனக்கெடறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். கண் வருகிற இடத்தில் துணியை வெட்டி எடுத்துவிட்டு வலைத்துணி வைத்துத் தைத்தேன். மேலே கொசுவம் தொங்குவதால் வெளியிலிருந்து பார்த்தால் வலை தெரியாது. கை வருகிற இடத்தில் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைக்காமல், ஒன்றின் மேல் ஒன்று படியும்படி மட்டும் விட்டேன். சும்மா பார்த்தால் ஒரே துணிபோலத்தான் இருக்கும். துணி எல்லாவற்றையும் குண்டூசியில் நிறுத்தினேன், ஆணி அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் மண்டபத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். மறைப்புக்கு அருகில் வந்ததும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"ஏம்மா, இதுக்குள்ள என்னா?"

"தூணை மறைக்கக் கட்டினதுங்க" என்றேன். அந்த இடத்தில் தூணே கிடையாது. அத்தை நல்லவேளையாக மேலே பார்த்துக்கொண்டே போய்விட்டார். மேல்கட்டு அவ்வளவு நன்றாக வந்திருந்தது. மாதம்மாவைக் கூட்டம் சேர்வதற்கு முன்பே பின்வாசல் வழியாகக் கூட்டி வந்து உள்ளே உட்காரவைத்துவிட்டோம். அட்சதைத் தட்டு வரும்போது நான் ஒரு கை அள்ளிக்கொண்டு போய் அவர் முந்தானையில் போட்டேன். அதன் பிறகு மறைப்பின் ஓரத்திலேயே நின்றுகொண்டேன். துணி விலகினால் சரி செய்ய நிற்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பெண்ணின் பெயர் செல்வி. மணையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவள் கண் கூட்டத்தில் தேடிக்கொண்டே இருந்தது. யாரைத் தேடுகிறாள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் அவள் காதில், உன் அம்மா இங்கேதான் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். கெட்டிமேளம் கொட்டினார்கள். தாலி ஏறியது. நாலா பக்கமிருந்தும் அரிசி வந்து விழுந்தது.

அப்போது பக்கத்துத் துணி விலகி ஒரு கை வெளியே வந்தது.

வளையல் இல்லாத கை. மல்பெரித் தழை பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. பிடித்திருந்த அரிசியைச் செல்வியின் தோளில் போட்டுவிட்டு உடனே உள்ளே போகப் பார்த்தது. செல்வி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த வேகத்தில் தாவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, யாரு கையி அது?" மாப்பிள்ளையின் அத்தை போட்ட கூச்சலில் மேளம் நின்றுவிட்டது. "நல்ல நேரத்துல மொட்டக் கைய நீட்டிக்கிட்டு! யாரு அது உள்ள?"

யாரென்று அவருக்குத் தெரியாதா? அந்த மண்டபத்தில் யாருக்குத்தான் தெரியாது? உள்ளே இருந்த கை இழுத்துக்கொள்ளப் பார்த்தது. செல்வி விடவில்லை. புரோகிதர் ஒன்றும் நடக்காததுபோல, "எந்திரிம்மா, அக்கினிய வலம் வரணும், நேரமாவுது" என்றார். செல்வி எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து தன் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பெரியப்பா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "கைய வுடு சாமி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் பெரியப்பா."

"நேரம் போவுது கண்ணு."

"எங்கம்மா கைய நான் எதுக்கு வுடணும்? மொதல்ல இந்தத் துணியக் கழட்டச் சொல்லுங்க. அப்பறமா எந்திரிக்கறன்."

அவள் சத்தம் போடவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். பெரியப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூட்டமே என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் ஊசியை உருவிவிட என் கை துடித்தது. பெண் சொல்லிவிட்டாள், நியாயம் அவள் பக்கம், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் துணிக்கு உள்ளே இருப்பது செல்வியும் இல்லை, நானும் இல்லை. அத்தனை கண்கள் முன்னால் அந்த அம்மாவைத் திறந்து காட்ட எனக்கு மட்டும் யார் உரிமை கொடுத்தார்கள்? மறைப்பதற்கு அவரைக் கேட்காதவர்கள் மேல் கோபப்பட்ட நான், திறப்பதற்கு அவரைக் கேட்காமல் விட்டால் நானும் அவர்களும் ஒன்றுதான். துணிக்கு அருகில் குனிந்தேன்.

"மாதம்மாக்கா, கழட்டட்டுங்களா?"

அத்தை ஏதோ முணுமுணுத்தார். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை, காத்திருந்தேன். அவ்வளவு கூட்டத்தில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கழட்டு கண்ணு."

ஊசிகளை உருவினேன். துணி சரிந்து என் காலடியில் விழுந்தது. ஸ்டூலில் மாதம்மா உட்கார்ந்திருந்தார், துவைத்து வெளுத்துப்போன சேலையில். ஒரு கை மகளிடம் இருந்தது. இன்னொரு கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். என்ன குற்றம் செய்துவிட்டார் முகத்தை மூடிக்கொள்ள? புருஷனைக் கிணற்று மண் மூடியது. இவரை அந்தக் கூட்டம் மூடியது. ஊரறிய ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர், திருடி அகப்பட்டுக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அங்கேயே ஓங்கி அழ வேண்டும்போல இருந்தது. அழுதிருந்தால் அது ஆத்திரத்தில் வந்த அழுகையாகத்தான் இருந்திருக்கும்.

"அம்மா" என்றாள் செல்வி. "இன்னொரு தரம் போடும்மா. என் மூஞ்சியப் பாத்துப் போடு."

மாதம்மா முந்தானையை இறக்கினார். மடியில் மிச்சம் கிடந்த அரிசியைக் கூட்டி அள்ளினார். மகளை நேராகப் பார்த்து, தலையில் போட்டார். வாய்க்குள் ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு செல்வி கையை விட்டுவிட்டு எழுந்து அக்கினியை வலம் வந்தாள். மேளக்காரர் யாரும் சொல்லாமலேயே வாசிக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் அத்தை சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். போகட்டும். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் சொன்னதுதான் சரி என்று பந்தியில் உட்கார்ந்து பேசினார்கள். பேசிக்கொண்டே மாதம்மா கல் பொறுக்கிய சோற்றை இரண்டு தடவை வாங்கிப் போட்டுச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நெடுநாள் கடத்தூர்ப் பக்கம் எங்களை யாரும் துணி கட்டக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் அதை எனக்கு அவ்வப்போது சொல்லிக்காட்டத் தவறியதில்லை.

மத்தியானம் நாங்கள் துணிகளை இறக்கி மடித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நானும் தயாராக நிமிர்ந்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வேணும்னேதான் செஞ்சீங்க டெய்லரம்மா."

"ஆமாங்கய்யா. அவங்க அரிசி போடணும்னு கேட்டாங்க. கை எட்டற மாதிரி கட்டினன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அந்த மூலைக்கே போகச் சொல்லியிருப்பீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலி மணவறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் சொல்வதாகவும் இல்லை, தனக்குத்தானே சொல்வதாகவும் இல்லை, பேசினார்.

"என் கல்யாணத்துல எங்காத்தா ரூமுக்குள்ள இருந்துச்சுங்க. எங்கப்பன் செத்து அப்ப ரொம்ப நாளு ஆவல. கதவச் சாத்தி வெளிய நாதாங்கி போட்டுட்டாங்க. மேளச் சத்தம் மட்டுந்தான் அதுக்குக் கேட்டிருக்கும். தாலி கட்டறப்ப எனக்கு அந்தக் கதவுதான் தெரிஞ்சுது. அதான் மாதம்மாவுக்காச்சும் பாக்கற மாதிரி செய்யலாம்னு நெனச்சனுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு வரவில்லை. அந்தக் கதவு இத்தனை வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் யார் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே ஒரு கதவைத் துணியாக மாற்றினால் போதும் என்று இருந்துவிட்டார். பெரிய மனுஷர் என்றும் பாராமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கய்யா, நாதாங்கி வெளியதான போட்டிருந்தாங்க? நீங்க எந்திரிச்சுப் போயிக் கதவத் தொறந்திருக்கலாமில்லீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பந்தியில் ஆள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். யாரும் கூப்பிடவில்லை.